ஈசான மூலைக் கிணறு

என் அண்ணன் ரிசாந்துக்கு ஒன்றைப் புரியவைப்பதைவிடச் சுவரோடு கதைக்கலாம். இங்கிலாந்தின் வடக்கே, ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய ஊரில், வீடு கட்டக் காணி வாங்கி முடித்த பிறகுதான் எனக்கே சொன்னான். ஒஸ்லோவில் என் வேலையே கட்டடம் எழும்ப முன்னர் நிலத்தைச் சோதிப்பது. அந்தக் காணியில் பழைய சுரங்கக் குழி ஒன்று இருக்கிறது, சரியான இடம் தெரியாது என்று அங்குள்ள சுரங்க அதிகாரிகள் அவனுக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள். துளையிட்டுப் பார்த்து, குழியைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை அங்கே ஒரு வேலையும் தொடங்காதே என்றேன். "ஓம், ஓம்" என்றான். அவனுடைய ஓமை நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒஸ்லோப் புறநகரான ஹொல்ம்லியாவில் என் சமையலறையில் அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வீடியோவில் வந்தான். வேட்டி கட்டி, திருநீறு பூசி நின்றான். போனைப் பிடித்திருந்தது அவன் மனைவி கம்சாயினி.

"தங்கச்சி, புதர்ப் பத்தையை வெட்ட என்ன கிடைச்சது தெரியுமே? கிணறு. அதுவும் ஈசான மூலையிலை. அம்மா நாள் பாத்துத் தந்தவா. கிணத்தடியிலை கற்பூரம் கொளுத்திப்போட்டு அத்திவாரக் கல்லு வைக்கப்போறன்."

வடகிழக்கில் கிணறு என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும். நான் திரையைப் பார்த்தேன். வட்டமான செங்கல் கட்டு. அதன்மேல் உக்கி உளுத்த பலகைகள். பலகைகளின்மேல் என் அண்ணன்.

"அண்ணா, அது கிணறில்லை. நிலக்கரி எடுத்த குழி. மெதுவா இறங்கி இஞ்சாலை வாங்கோ."

"உனக்கு எதைப் பாத்தாலும் குழிதான்."

"நல்ல காரியத்திலை அபசகுனமாக் கதையாதை பிள்ளை" என்று அம்மாவும் அடுப்படியிலிருந்து என்மேல் பாய்ந்தார்.

"கிணறோ இல்லையோ எண்டு இப்ப காட்டுறன்" என்ற அண்ணன் ஒரு பலகையை நகர்த்தி, இடைவெளியால் ஒரு கல்லைப் போட்டான்.

நாங்கள் எல்லோரும் காது கொடுத்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. அம்மா அடுப்பை நிறுத்தினார். இன்னும் வரவில்லை.

"வத்தின கிணறு" என்றான் அண்ணன். ஆனால் குரல் முன்னைப்போல இல்லை. பிடித்த பிடியை விடக்கூடாதென்று கற்பூரத்தை எடுத்துப் பலகையில் வைத்தான்.

"நெருப்புக் கொளுத்தாதேங்கோ. கீழை எரிவாயு இருக்கும், தீப்பத்தும். அண்ணி, நீங்கள் பின்னுக்குப் போங்கோ."

"இஞ்சை வாங்கோவன்" என்று கம்சாயினியும் கெஞ்சினாள்.

"நல்ல நேரம் முடியப்போகுது. ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ."

முதல் தீக்குச்சி காற்றில் அணைந்தது. அவன் குனிந்து, கையால் மறைத்து, அடுத்ததை எடுத்தான். என் படிப்பு, வேலை, கத்தல் எதுவும் அவனிடம் எடுபடவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினேன். அம்மா தோசைக்கரண்டியோடு தரையில் மல்லாந்து கிடந்தார். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"போனை இஞ்சாலை பிடி" என்று உதட்டால் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாவின் நடிப்பு விளங்கிப் போனைத் திருப்பினேன். "அண்ணா, அம்மா விழுந்திட்டா." அழுகையை நான் வரவழைக்கத் தேவையிருக்கவில்லை.

"அம்மா" என்று கத்தியபடி அவன் பாய்ந்து வந்தான். அவன் காலடியில் ஒரு பலகை முறிந்தது. ஒரு கால் உள்ளே போனது. கம்சாயினி போனைப் புல்லில் போட்டுவிட்டு அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். சரிந்து கிடந்த போன் அதையும் காட்டியது. இருவரும் புல்லில் விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றப் பலகைகளும் செங்கல்லும் சரிந்து உள்ளே போயின. விழுந்த சத்தம் இம்முறையும் கேட்கவில்லை. அண்ணன் திரும்பிப் பார்த்தபடியே இருந்தான்.

"அம்மா, அண்ணா வெளியாலை வந்திட்டார். ஒண்டுமில்லை. எழும்புங்கோ."

"எழும்பத்தான் பாக்கிறன் பிள்ளை" என்றார் அம்மா. "உண்மையாவே கால் அசையுதில்லை."