கட்டிக்கு ஊற்றிய ரக்கியா

வூக்கொமான் மடியில் ஒரு சின்னக் குப்பியை வைத்துக்கொண்டு பெல்கிரேடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் மருந்துத் தண்ணீரில், அவர் மனைவி ஸ்டமெங்காவின் மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துண்டுகள் கிடந்தன. ஊர் ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சோதிக்கிற டாக்டர் ஜெர்மனிக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அவரவர் வீட்டுத் துண்டை அவரவரே தலைநகருக்குச் சுமந்துபோக வேண்டியதுதான்.

புற்றுநோய் என்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம். எந்த ரகம் என்பதுதான் தெரியவேண்டும். ஊர் சர்ஜன் சொல்லியிருந்தார்: "அந்தச் செல்லுக்குள்ள ஹார்மோனைப் பிடிச்சுக்கிற ஏற்பின்னு ஒண்ணு இருக்கான்னு பாப்பாங்க. இருந்தா நோய் கொஞ்சம் நிதானமான ஆளு, மாத்திரையால அடக்கலாம். இல்லேன்னா முரடு. வைத்தியமும் முரடாத்தான் இருக்கும்."

அன்றிலிருந்து ஏற்பி இருக்கவேண்டும் என்று வூக்கொமான் எல்லாப் புனிதர்களிடமும் மன்றாடிக்கொண்டிருந்தார். எந்தப் புனிதர் அந்தத் துறையைக் கவனிக்கிறார் என்று பாதிரியாருக்கே தெரியவில்லை.

மலை வளைவில் ஒரு காட்டுப்பன்றி குறுக்கே வந்தது. பஸ் குலுங்கி நின்றதில் குப்பி உருண்டு, மூடி கழன்று, மருந்துத் தண்ணீர் அத்தனையும் கொட்டிவிட்டது. அதன் நெடியில் பஸ் முழுக்க அழுதது. யாரோ செத்துவிட்டதாக நினைத்து ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். பின்சீட்டுக் கிழவி செத்தது யாரென்று விசாரிக்காமலே ஒப்பாரியை ஆரம்பித்து, அடுத்த ஊர்வரை நிறுத்தவில்லை. இறங்கியவர்கள் அவள் குரலைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

துண்டுகள் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை காய்ந்துபோனால் ஸ்டமெங்காவே காய்ந்துபோவாள் என்பது போல வூக்கொமானுக்குப் பதறியது. கோட்டுக்குள் டாக்டருக்கென்று ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்த பிளம் பழச் சாராயம், ரக்கியா, இருந்தது, வீட்டில் காய்ச்சியது. அந்தப் பக்கத்தில் யாரும் டாக்டர் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்பதில்லை. அந்த வருஷத்துச் சரக்கு சாதாரணமானதல்ல. பீப்பாயில் விழுந்த குளவி ஒன்று எழுந்து பறந்து, ஒரு கரடியை ஆற்றுக்கு அக்கரைவரை துரத்திவிட்டுத் திரும்பியது. கரடி இன்னும் திரும்பவில்லை. அதே ரக்கியாவில் மாமா மருந்துக்கென்று ஊறப்போட்ட விரியன் பாம்புக்கு இன்றுவரை ஒரு செதில் உதிரவில்லை. பாம்பைக் காப்பாற்றுகிறது ஸ்டமெங்காவைக் காப்பாற்றாதா? குப்பியை விளிம்புவரை நிரப்பினார்.

சோதனைக்கூடத்து டாக்டர் யெலிசாவெத்தா குப்பியை வாங்கி வைத்துவிட்டு, அவர் காணிக்கையாக நீட்டிய பாதி காலியான பாட்டிலைப் பார்த்தார்.

"வழியில தாகமோ, பெரியவரே?"

"ஆமா டாக்டரம்மா. நல்ல வெயில்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

முடிவு கேட்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்தார்கள். டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏற்பி இல்லைன்னு வருது."

ஸ்டமெங்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆனா நான் அதை நம்பல. பக்கத்துல நல்ல திசுவும் கொஞ்சம் இருக்கு. அதுலயாவது ஏற்பியைக் காட்டுற சாயம் பிடிச்சிருக்கணும், அதுலயும் பிடிக்கல. துண்டுக்கு வழியில என்னமோ ஆகியிருக்கு. குப்பியில என்ன இருந்துது, பெரியவரே?"

வாயை மூடிக்கொண்டால் மானம் மிஞ்சும். ஆனால் முரட்டு வைத்தியம் முழுக்க அவள் உடம்பில் இறங்கும்.

"ரக்கியா," என்றார். "மருந்து கொட்டிப்போச்சு. நான்தான் ஊத்தினேன்."

ஸ்டமெங்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ்! கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து 'பொம்பளைக்கு எதுக்கு'ன்னு எனக்கு ஒரு சொட்டு ஊத்தினதில்ல. என் கட்டிக்கு மட்டும் விருந்தா?"

"நல்ல சரக்கும்மா அது..."

"பேசாதய்யா."

டாக்டர் சிரிப்பை மென்று விழுங்கிவிட்டு, மறுபடியும் ஊசி போட்டுத் துண்டு எடுக்கவேண்டும் என்றார். போன ஊசிக்கே ஸ்டமெங்காவுக்கு மார்பு கன்றிப்போய், பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் இருந்தது. அவள் எழுந்தாள். "நீ இங்கயே உக்காரு. எதையும் தொடாத. எதுலயும் எதையும் ஊத்தாத." பக்கத்து அறையிலிருந்து அவள் முனகல் கேட்டபோது, வூக்கொமான் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது டாக்டர் நடைபாதைக்கே வந்து சொன்னார். "இருக்கு. நல்லாவே இருக்கு. ஆபரேஷன் பண்ணணும், அதுக்கப்புறம் தினமும் மாத்திரை. எதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. ஆனா நிறையப் பேரு நல்லாயிருக்காங்க."

"எவ்வளவு காலத்துக்கு மாத்திரை?"

"அஞ்சு வருஷமாவது. சில பேருக்குப் பத்துகூட ஆகும்."

ஸ்டமெங்கா அப்போதுதான் அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டே வூக்கொமானைக் கேட்டாள்: "பத்து வருஷம் தண்ணி மொண்டு தர நீ இருப்பியாய்யா? மாடி ஏறினாலே ரயில் மாதிரி இரைக்குற."

ஆயுசில் எந்த டாக்டரையும் தன்னைத் தொடவிடாத மனிதர், காத்திருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க, சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, இந்த நெஞ்சையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

"பெரியவரே, நான் துண்டு பாக்கிறவ. முழு ஆளைப் பாத்து ரொம்ப காலமாச்சு."

"பரவாயில்ல. துண்டு துண்டாவே பாருங்க," என்று அவர் பனியனைத் தூக்கினார்.