பொத்தான் பக்கம் நிற்பவர்

இருட்டு முழுதாகப் பிரிவதற்குள் வேன் வந்துவிடும். தி.நகர் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள். மூட்டையை அவிழ்த்தால் யார் யாரோ தூங்கிய வாடை முகத்தில் அடிக்கும். தலை எண்ணெய், சென்ட், சில நாள் வாந்தி. தூக்கம் கலையாத கைகளால் அதைப் பிரித்துப் போடுவோம்.

ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட லாண்டரி அது. துவைக்கும் மெஷின்களை டெரன்ஸ் அண்ணன் பார்த்துக்கொள்வார். ஈர விரிப்புகள் ட்ராலியில் ரோலருக்கு வரும். ரோலர் என்றால் கொதிக்கிற இரும்பு உருளை. இரண்டு பேர் விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து ஒரே நேரத்தில் உள்ளே கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். மறுபக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். ஐந்தாவது ஆள் ரோலரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் பக்கம் நிற்பார்.

ரோலரின் வாயில் முன்பு ஒரு கம்பி இருந்தது. விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். அது பழுதானதும் கழற்றிவிட்டார்கள். “அடுத்த மாசம் மாட்டிருவோம்” என்று ஓனர் ஆனந்தகுமார் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் பெண்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். ஒருத்தி பொத்தானில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மற்றவர்களின் விரல்களை மட்டும் பார்ப்பாள். ஒரு ட்ராலி முடிந்ததும் எல்லோரும் ஓரிடம் நகர்வார்கள். அப்போது பொத்தான் பக்கம் யார் நிற்கிறாரோ அவர் சொல்வதுதான் சட்டம்.

பிளஸ் டூ முடித்து நான் சேர்ந்த அன்றைக்கே என்னை அங்கே நிறுத்தினார்கள்.

“நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.”

“கண்ணு தெரியுதுல்ல? நில்லு” என்றார் செண்பகம் அக்கா.

நூல் பிசிறை விரல் என்று நினைத்து ரோலரை நிறுத்திவிட்டேன். விரிப்பு மஞ்சளாகத் தீய்ந்தது. ஜூலியட் அக்கா சிரித்தார். “சும்மா நிறுத்துனா துணி கருகும். நிறுத்தலன்னா கை கருகும். துணி ஓட்டல்காரனோடது, போவட்டும் வுடு.”

ஒருநாள் ஓனர் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அங்க ஒருத்தி நின்னு வேடிக்க பாக்காளே, அவளுக்கு என்ன சோலி?”

“எங்க வெரல எண்ணிக்கினு கீறா சார்” என்றார் செண்பகம் அக்கா.

ஓனர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். இனிமேல் இடம் மாறக் கூடாது. ஆளுக்கு ஒரே இடம். கொடுக்கிற பக்கம் ஜூலியட் அக்காவும் புஷ்ராவும். வாங்குகிற பக்கம் செண்பகம் அக்காவும் மீனாட்சியும். டீமுக்கு ஒரே லீடர், அது நான். நான்தான் படித்தவளாம், டேப்லெட்டில் தட்டத் தெரியுமாம். கணக்குப் போடுவது, வேனைப் பார்ப்பது, பொத்தான் எல்லாம் என் வேலை.

“பொத்தான லீடர் மட்டுந்தான் தொடணும். ஆளாளுக்கு நிறுத்துனா வேல எப்படி நடக்கும்?”

என் கழுத்தில் லீடர் அட்டையை மாட்டினார். வேண்டாமென்று தோன்றியும் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஓனர் கேட்டிலிருந்து கூப்பிட்டார். “தமிழ்நிலா, இங்க வா. வேன் நிக்குது.” ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. போனேன். டேப்பில் தட்டிக்கொண்டிருக்கும்போது அலறல் கேட்டது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. டெரன்ஸ் அண்ணன் ஓடிப்போய் மெயினை அணைத்தார். ஜூலியட் அக்காவின் வலது கை. மூன்று விரல்கள். அந்த வாடையைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் ஓனர் என்னை மட்டும் கேபினுக்குள் கூப்பிட்டார். ஏசி ஓடியது.

“ஒன் டீம்ல நடந்துருக்கு. திங்கக்கெழம ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. ஜூலியட் போன் பேசிக்கிட்டே துணி குடுத்தான்னு நீ சொல்லணும். இல்லன்னா லீடர் எடத்துல இல்லன்னு நான் சொல்லணும். ஒனக்குப் பதினெட்டு ஆயிட்டுல்ல?”

தலையாட்டினேன்.

“அப்ப கேஸும் பெரியவங்க கேஸுதான்.”

போன் பேசினார் என்று நான் சொன்னால் ஜூலியட் அக்காவுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது. விரலும் போய், பழியும் வந்து சேரும். சொல்லாவிட்டால் போலீஸ் எங்கள் வீட்டுக்கு வரும். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டேன், குளித்தேன், அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் வேறு யாரோ செய்வதுபோல இருந்தது.

திங்கட்கிழமை விடிகிற நேரம். மூட்டைகள் அவிழ்க்காமல் கிடந்தன. ஆஸ்பத்திரியில் கிடந்த ஜூலியட் அக்காவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். ஓனர் சொன்னதை அப்படியே சொன்னேன். யாராவது அறைந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

புஷ்ராதான் முதலில் பேசினாள். “பொத்தான் எனக்கு எட்டுற தூரந்தான். லீடர் மட்டுந்தான் தொடணும்னு சொல்லியிருக்காங்களேன்னு யோசிச்சேன். யோசிச்சேன்டி நிலா. அதுக்குள்ள…”

டெரன்ஸ் அண்ணன் தரையைப் பார்த்தார். “கம்பிய கழட்டி, அது இல்லாமயே மெஷின் ஓடுற மாதிரி ஒயர ஒட்டி வுட்டது நான். ஓனர் சொன்னாரு, செஞ்சேன்.”

“ஆளுக்கொரு பழிய எடுத்து மாட்டிக்கினீங்கன்னா ஓனருக்கு இன்னா மிச்சம் வெப்பீங்க?” என்றார் செண்பகம் அக்கா. “அவரு பங்கு எங்க?”

நான் அழவில்லை. அழுகை வரவில்லை.

“நீ தனியா உள்ள போவாத, அவ்ளோதான்” என்றார் அக்கா. “போனா எல்லாரும் போறோம்.”

ஓனர் கார் வந்தது. “லீடர் மட்டும் உள்ள வா.” ஐந்து பேரும் நுழைந்தோம். கேபின் சின்னது. தோளோடு தோள் உரசியது.

“என்ன இது கும்பலு? பேசணும்னா யாராவது ஒருத்தர் பேசுங்க.”

மீனாட்சி முன்னால் நின்றாள். “கம்பிய மாட்டுற வரைக்கும் ரோலர் ஓடாது சார்.” சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அந்த இடத்துக்கு டெரன்ஸ் அண்ணன் வந்தார். “கம்பிய கழட்டச் சொன்னது நீங்க. இன்ஸ்பெக்டராண்ட சொல்லப்போறேன். நான் கழட்டுனதையும் சேத்தே சொல்வேன்.”

அடுத்து புஷ்ரா. “இனிமே யார் வேணா பொத்தான அழுத்துவோம்.”

பிறகு செண்பகம் அக்கா. “ஜூலியட்டு கைல போனே இல்ல சார். ரெண்டு கைலயும் ஒங்க துணிதான் இருந்துச்சு.”

ஓனர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். “இப்படி ஆளாளுக்குப் பேசுனா நான் யாருக்குப் பதில் சொல்ல?”

“எதிர்ல யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குச் சொல்லு சார்.”

சொல்லிவிட்டு செண்பகம் அக்கா நகர்ந்தார். நான் எதிரில் இருந்தேன்.

“நான் கேட்டாண்ட இருந்தேன் சார். நீங்க கூப்ட்டதாலதான் போனேன். அதத்தான் சொல்வேன்.”

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “மொத்தமா வெளிய போங்க. ஈக்காட்டுத்தாங்கல் பூரா ஆள் கெடைக்கும் எனக்கு.”

“கெடைக்கும்” என்றார் செண்பகம் அக்கா. “அவங்களுக்கும் பத்து வெரலுதான்.”

வெளியே வந்து கேட்டருகே மூட்டைகள்மேல் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. கேபினில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டல்காரர்களாக இருக்கும். இன்ஸ்பெக்டர் வருவாரா, வந்தாலும் யார் பக்கம் கேட்பார், தெரியாது. நாளைக்கு வேலை இருக்குமா, அதுவும் தெரியாது. பயம் அப்படியே இருந்தது. ஆனால் அதை நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருக்கவில்லை.

பக்கத்து லேத் பட்டறையிலிருந்து ஒருவர் கையில் டீயோடு எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, வேல நடக்கல?”

செண்பகம் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டே டீ கிளாஸை மறு கைக்கு மாற்றினார். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் இல்லை.

“எங்க பட்டறைல இன்னும் ரெண்டு பேரு கீறாங்க, என்னிய மாதிரி” என்றார். “இருங்க, கூட்டிக்கினு வரேன்.”

நாங்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டோம்.