ரூட் பெயரில் இருந்த கோப்புகள்

திங்கட்கிழமை காலை கல்லூரியில் ஒருவராலும் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை. எல்லோருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கும் டைரக்டரி சர்வர் எழும்ப மறுத்தது. செய்முறைத் தேர்வுக்கு வந்த பிள்ளைகள் ஆய்வக வாசலிலேயே நின்றார்கள்.

முதல்வர் ஐயாத்துரை நேராக நவாஸைப் பிடித்துக்கொண்டார். வீரசோழனிலிருந்து வந்து, ஞாயிறன்று யுபிஎஸ் பேட்டரிகளில் பாதியை மாற்றியிருந்த எலக்ட்ரீசியன் அவர்.

"நீங்க கைவச்ச பெறகுதான இப்படி ஆச்சு?"

ஐம்பதை நெருங்கிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கும் சார். லைனை ஆஃப் பண்ணித்தான் மாத்துனேன்."

சர்வரைக் கவனிக்கும் நாகஜோதி, அதில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தாள். அனுமதி இல்லை என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. தரவுக் கோப்புகளைப் பார்த்தாள். சர்வரின் பெயரில் இருக்க வேண்டியவற்றில் சில, ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கின் பெயரில் இருந்தன; அவற்றைத் திறக்க சர்வருக்கு அனுமதி இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சர்வரை நிறுத்திவிட்டு, ரூட்டாக இருந்தே தேடல் அட்டவணையைப் புதுப்பித்தது அவள்தான். கோப்புகள் பெயர் மாறியது அப்போதுதான். ஊருக்குப் போகும் பரளச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, மறுபடி தொடங்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தவள், அது எழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் ஓடியிருந்தாள்.

கோப்புகளின் உரிமையை மாற்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. சர்வர் எழுந்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள்.

"கரண்டு வேலையால வந்ததுதானம்மா?" என்றார் முதல்வர்.

"சரியாயிருச்சு சார்" என்றாள். அவ்வளவுதான் வாயில் வந்தது.

கேன்டீனிலிருந்து நவாஸ் டீ வாங்கி வந்து நீட்டினார். "என்னால உங்களுக்குத்தான் சிரமம் தாயி."

அவளால் ஒரு வாய்கூடக் குடிக்க முடியவில்லை. மதியம் வரை தாங்கினாள். பிறகு முதல்வர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இனி வரவேணாம்னு அவர்ட்ட சொல்லிட்டேனேம்மா" என்றார் அவர். "போய்க் கூப்பிடு."

பஸ் ஸ்டாப்பில் நவாஸ் நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க மேல தப்பில்ல. சனிக்கெழம நான் செஞ்சது. சார்ட்ட சொல்லிட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"காலையில, பாத்த ஒடனே."

"நான் டீ வாங்கியாந்தப்ப?"

"அப்பவும் தெரியும்ணே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "சார் கூப்பிடுறாரு" என்றாள்.

"இன்னைக்கு வேணாம்மா" என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை வந்தார். சர்வர் அறைச் சாவியை அவளிடம் கேட்டு வாங்கி, மீதிப் பேட்டரிகளை மாற்றினார். தாயி என்று கூப்பிடவில்லை, மேடம் என்றார்.