பச்சையாய்த் தெரிந்த சந்து

சைதாப்பேட்டை ஆற்றோரச் சந்தில் பிறந்து வளர்ந்த தமிழ்நிலாவுக்கு மந்தமான புரோகிராம் என்றால் ஆகவே ஆகாது. அடையாறில் அவள் வேலை பார்த்த சின்ன அலுவலகம், ஆற்றில் நட்ட கருவிகள் அனுப்பும் நீர்மட்டத்தை வாங்கி, எந்தத் தெருவுக்குள் வெள்ளம் புகும் என்று வரைபடத்தில் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும்.

அதன் பழைய புரோகிராம் ஒரு லூப். தெருத் தெருவாகப் போய், ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு, மூச்சு வாங்கும். போன வருஷம் அவர்கள் சந்து படத்தில் சிவப்பானபோது, அவள் அப்பா பஞ்சாட்சரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை.

கோபத்தோடேயே உட்கார்ந்து லூப்பைத் தூக்கி எறிந்தாள். எல்லாத் தெருவின் நீர்மட்டமும் ஒரு வரிசை, தரைமட்டமும் ஒரு வரிசை; ஒன்றிலிருந்து மற்றதை மொத்தமாக ஒரே வரியில் கழித்தாள். முக்கால் மணி நேர வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கோடை மாதப் பதிவுகளைக் கொடுத்துப் பழசையும் புதுசையும் ஒப்பிட்டாள். கடைசி எண் வரை ஒத்துப்போனது. மேலதிகாரி ஸ்ரீரங்கன் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் அப்பா கூப்பிட்டார்.

"நிலா, தண்ணி ஏறிக்கினு கீது. எல்லாரும் ஸ்கூலு மாடிக்குக் கெளம்பிக்கினு கீறாங்க. உன் படத்துல நம்ம சந்து இன்னா கலரு?"

"பச்சை, நைனா. தைரியமா இரு."

"அது போதும்மா," என்று வைத்துவிட்டார்.

அலுவலகத்தைப் பார்க்க வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு ஸ்ரீரங்கன் புதிய வேகத்தைக் காட்டிப் பெருமை அடித்து முடித்த பிறகுதான் அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். சந்துக்கு மேலே கரையெல்லாம் சிவப்பு. கீழேயும் சிவப்பு. நடுவில் மட்டும் பச்சையா? ஆறு என்ன, தாண்டிக் குதித்தா போகும்?

சந்தை ஒட்டி ஆற்றில் நட்டிருந்த கருவியின் பதிவைத் திறந்தாள். பூஜ்யம். கருவி மூழ்கிச் செத்துப்போயிருந்தது; அந்தப் பூஜ்யத்தைத் தண்ணீரே இல்லை என்று புரோகிராம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கருவி பேசாவிட்டால் அதற்கு மேலே இருக்கும் கருவியின் அளவை எடுத்துக்கொள் என்று பழைய லூப்புக்குள் ஒரு நிபந்தனை இருந்தது. அவசரக்காரி, அதையும் சேர்த்து எறிந்திருந்தாள். கோடையில் ஒரு கருவியும் சாகவில்லை. அதனால் ஒப்பிட்டபோது அது தெரியவே இல்லை.

அப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு அணைந்தே போனது. பக்கத்து வீட்டு வேலம்மாவின் எண்ணுக்கு அடித்தாள்; பள்ளிக்கூட மாடியிலிருந்து அவள் எடுத்தாள்.

"அல்லாரும் கெளம்பித்தாம்மா வந்தோம். உங்க நைனாதான் பாதி வழியில நின்னுக்கினு, 'எம்பொண்ணு பச்சைன்னுட்டா, திரும்புங்க'ன்னாரு. நான் கேக்கல. அவரு பேச்சைக் கேட்டு நாலு குடும்பம் கூடவே திரும்பிப் போச்சு. இங்கேர்ந்து பாத்தா கூரைகூடத் தெரில நிலா."

தமிழ்நிலா அந்த நிபந்தனையைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் சந்து சிவப்பானது.