வரிசையில் கடைசி ஆள்

அந்தக் குழுவில் தலை எண்ணுகிற வழக்கமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் மலையடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கூடுவார்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் முன்னால் நடப்பார். வழி நெடுக மேய்ச்சல் நிலம், வேலிக்கு வேலி ஓர் இரும்புக் கதவு. கடைசியாக வருகிறவர் அதைச் சாத்தித் தாழ் போட வேண்டும். மாடு வெளியே போய்விடக் கூடாது. அந்தக் கடைசி ஆளுக்கு வால் என்று பெயர். மேலாளர் விசில் ஊதுவார், வால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் பின்னால் யாரும் இல்லை, நடையைக் கட்டலாம் என்று அர்த்தம். ஆயுள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணி எண்ணி அலுத்துப்போனாரோ என்னவோ, மனிதர்களை எண்ணுவதை மேலாளர் அறவே விட்டுவிட்டார்.

அன்றைக்கு வால் வேலையைப் புதிதாக வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் தலையில் கட்டினார்கள்.

அவர் ஒன்றும் இயற்கைக் காட்சிக்காக வரவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மகள் வேறு தேசத்தில். வேலையும் ஓய்ந்துவிட்டது. அவர் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் யாராவது ஏறினால், "எந்த மாடி?" என்று கேட்பார், பாதி நாட்களில் அதுதான் அவருடைய அன்றைய மொத்தப் பேச்சு. வேலையில் இருந்தபோது அப்படியா? லிஃப்ட் நடுவில் நின்றால் மணி அடிப்பார்கள், இவர் ஓடுவார். கதவைப் பிளந்ததும் உள்ளே இருக்கிறவர்கள் இவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளைகூட அப்படிப் பார்த்ததில்லை. அப்படி ஒரு முகமாவது மறுபடி கிடைக்காதா என்றுதான், நோட்டீஸ் பலகையில் பார்த்த மலைநடைக்குப் பெயர் கொடுத்தார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மருந்துக்கடை நடத்துகிற ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், கூடவே பேசிக்கொண்டு வந்தாள்.

"நீங்க என்ன வேலை சார் பார்த்தீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்மா. யாராவது நடுவுல மாட்டிக்கிட்டா போய் எடுத்து விடுவேன்."

"நல்ல வேலை. எங்கிட்ட மாட்டிக்கிட்டவங்களை நான் மாத்திரை குடுத்து அனுப்பிடுவேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. முதல் கதவைத் தாண்டுவதற்குள் மகளைப் பற்றிச் சொன்னார், மனைவிக்கு வந்த நோயைப் பற்றிச் சொன்னார். அவளும் உச்சுக் கொட்டாமல், நடுவில் புகுந்து தன் கதையைச் சொல்லாமல் கேட்டாள். அதற்குள் முன்னால் போன தையல்காரர் திரும்பி, "மேடம், இந்த முட்டி வலிக்கு என்ன போடலாம்?" என்று கூப்பிட்டார். அடுத்து இன்னொருவர் தன் இருமலோடு வந்தார். அவளை முன்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பேச்சுக்காவது திரும்பிப் பார்த்து 'நீங்களும் வாங்க' என்றால் என்ன குறைந்துவிடும்? மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. இரண்டாவது கதவு அங்கேதான். துருப்பிடித்த தாழ்; அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து விசில் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடுப்போடு கையைத் தூக்கிக் காட்டினார்.

உச்சியிலிருந்து தெரிந்த காட்சியைச் சும்மா சொல்லக் கூடாது. ஒரு பக்கம் ஆறு, அதன் குறுக்கே ரயில் பாலம். இன்னொரு பக்கம் நகரத்தின் தண்ணீர்த் தொட்டிகளும் மொட்டை மாடிகளும். எல்லாவற்றுக்கும் அப்பால், வெள்ளைத் துணியை இழுத்துப் பிடித்தது போலக் கடல். நடுவில் கூரையில்லாத ஒரு கல் கோபுரம். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வரலாறு சொன்னார்.

"ஒரு காலத்துல கடற்கரையிலிருந்து உப்பு வண்டி எல்லாம் இந்த வழியாத்தான் போகும். சுங்கம் கட்டாம நழுவுற வண்டியைக் கண்டுபிடிக்கக் கட்டின கோபுரம் இது. இங்கேருந்து பார்த்தா எதுவும் தப்பாது. நாம ஏறி வந்தோமே, அந்தப் பள்ளம் ஒண்ணு மட்டும் தெரியாது. கடத்தினவன் எல்லாம் அது வழியாத்தான் போனான். கட்டின அதிகாரி மேல ஏறிப் பார்த்தானே தவிர, கீழே ஒரு நாளும் நடந்து பார்க்கலை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்தார்கள், தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு உட்கார்ந்தார்கள். பிறகு கோபுரத்தின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, போனை மெக்கானிக்கின் கையில் திணித்தார்கள்.

"சார், ஒரு போட்டோ எடுங்க."

எடுத்தார். ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக் கொடுத்தார். 'நீங்களும் வந்து நில்லுங்க' என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. ஒப்புக்குச் சப்பாணி, அவ்வளவுதான். விறுவிறுவென்று கோபுரத்துக்குள் போய், உடைந்த படியில் உட்கார்ந்துகொண்டார். பார்ப்போமே, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று.

அறுபத்தைந்து வயதில் இது என்ன சின்னப்பிள்ளை வீம்பு என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு வீட்டில் ஆள் இருக்கும்.

விசில் சத்தம் கேட்டது. கோபுரத்தின் கல் துவாரம் வழியாகப் பார்த்தார். காற்றில் பறக்கப் போன தொப்பியைப் பிடிக்கத் தையல்காரர் கையைத் தூக்கினார். மேலாளர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மறுபக்கத்துச் சரிவில் இறங்கத் தொடங்கினார். கூட்டமும் அவர் பின்னால் பேசிக்கொண்டே போனது. பேச்சுச் சத்தம் தேய்ந்து, பிறகு காற்று மட்டும் இருந்தது.

திரும்பி வருவார்கள் என்று நிச்சயமாக நம்பினார். வாலைக் காணோம் என்று தெரியாமலா போகும்? போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிக்னல் அமோகமாக இருந்தது. பெயர் கொடுத்தபோது நம்பரையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். மேலாளர் மூச்சிரைக்க ஏறி வந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தார். 'பரவாயில்லை சார், நான் சும்மா காத்தாட உட்கார்ந்திருந்தேன்' என்று பெருந்தன்மையாகச் சொல்வதா, அல்லது நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதா என்று அவரால் முடிவுக்கு வர முடியவில்லை.

ஒருவரும் வரவில்லை. கீழே சாலையில் அந்த வரிசை வெளியே வருவது தெரிந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்று கையாட்டிக்கொண்டார்கள். முதல் வண்டி கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. மேலாளரின் வெள்ளை வண்டியும் போய்விட்டது. வெயில் சாயத் தொடங்கியது. நான் இங்கேயே விழுந்து செத்தாலும் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும் என்று நினைத்தபோது, நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை. பார்க்க யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் அதைக் கவனித்தார். கீழே அவருடைய பழைய ஸ்கூட்டர் தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு நீலக் கார் நின்றது. யாரோ போகாமல் இருக்கிறார்கள். யாரோ ஒருவர், 'அந்த மெக்கானிக் இன்னும் வரலையே' என்று நின்றிருக்கிறார்கள். மனிதருக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்டது போலாயிற்று. மறுபக்கத்துச் சரிவு சுற்றுவழி. ஏறி வந்த வழியிலேயே, அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காக்க வைத்துவிட்டேனே என்று மன்னிப்புக்கூடத் தயார் செய்துகொண்டார்.

பள்ளத்தில், தாழ் போட்ட அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், மருந்துக்கடை அம்மா ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கணுக்கால் புடைத்துப் போயிருந்தது. ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. லிஃப்ட் கதவைப் பிளந்ததும் அவர் பார்ப்பாரே, அதே முகம்.

"வந்துட்டீங்களா. எனக்குத் தெரியும் சார், வால் எப்படியும் வருவார்னு. ஆளாளுக்கு வைத்தியம் கேட்டாங்களா, தப்பிச்சா போதும்னு பாறைக்குப் பின்னாடி ஒதுங்கினேன். திரும்பும்போது வழுக்கிடுச்சு. கத்தினேன், கேட்கலை. கதவு வரைக்கும் தவழ்ந்து வந்தேன், அதுக்கு மேல முடியலை. போனும் எடுக்கலை இங்கே. ரொம்ப நேரமா தேடுறீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலையிலிருந்து அவர் ஏங்கியது அதற்குத்தானே. தையல்காரரிடமும் மேலாளரிடமும் அவள் சொல்வாள்: எல்லோரும் விட்டுவிட்டுப் போனீர்கள், அவர் ஒருத்தர்தான் தேடி வந்தார் என்று. அடுத்த வாரம் போட்டோவில் நடுவில் நிற்க வைப்பார்கள்.

"இல்லைம்மா," என்றார். "தேடலை. நான் மேல உட்கார்ந்து, என்னைத் தேடிக்கிட்டு யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அப்போ நான் வரலைன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணலை."

"நீங்கதானே வால்?"

"ஆமாம்மா. போட்டோ எடுத்தேன். அப்பவும் பார்க்கலை."

அவள் தானாகவே எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, கதவுக் கம்பியைப் பிடித்து எழுந்து நாலு எட்டு நொண்டினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தோளைப் பிடித்தாள். வேறு வழியில்லாமல்தான் பிடித்தாள் என்பது அவருக்குத் தெரியும். குனிந்து தோள் கொடுத்து, கல் பார்த்து, மேடு பார்த்து, மெதுவாக இறக்கிக் கூட்டி வந்தார்.

கடைசிக் கதவு கண்ணில் படும்போது, கீழேயிருந்து ஒருவர் யாரோ துரத்துவது போல ஓடி வந்துகொண்டிருந்தார். சாயங்காலம் கடையைத் திறக்கத் தங்கை வரவில்லை, போனும் போகவில்லை என்று கிளம்பி வந்த அவளுடைய அண்ணன். இவ்வளவு நேரம் கல்லாக இருந்தவள், அண்ணனைப் பார்த்ததும் உதடு பிதுங்கி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று அண்ணன் கத்தினார். "எத்தனை தடவை போன் பண்றது? ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் தேடிட்டு வர்றேன். இந்த வயசுல உனக்கு மலை ஒரு கேடா? சாகடிச்சுட்டேடி என்னை, ஒரு மணி நேரத்துல."

மெக்கானிக் நகர்ந்து நின்று அந்தத் திட்டு முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது.

அவளுடைய நீலக் கார் அங்கேயே நிற்க, அண்ணன் அவளைத் தாங்கிக் கொண்டுபோய்த் தன் வண்டியில் உட்கார வைத்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் இவர் பக்கம் திரும்பினார். இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்துமிடத்தில் வேறு யாரும் இல்லை.

"உங்களைத் தேடி யாரும் வரலையா சார்?"

"வண்டி இருக்கு," என்றார் மெக்கானிக்.