மண்புழுப் பேராசிரியரின் ஊர்வலம்

செவ்வாய்க்கிழமை காலை ஃபெம்மி என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"எண்ணிப் பாரு."

எண்ண அதிகம் இல்லை. இருநூற்று நாற்பது பேராசிரியர்களுக்கு அழைப்புப் போயிருந்தது. வருகிறேன் என்று பதில் போட்டவர்கள் நான்கு பேர்.

"நாலு பேர் வர்றாங்களே," என்றேன்.

"மூணு. ரெண்டாவது ஆளு மார்ச் மாசமே செத்துட்டாரு. அவரோட செகரட்டரி பழக்கதோஷத்துல 'வருகிறார்'னு போட்டுட்டா."

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் ஓய்வுபெறும்போது கடைசியாக ஓர் உரை ஆற்றுவார். அதற்கு முன் மற்றப் பேராசிரியர்கள் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக வரிசையில் மண்டபத்துக்குள் நடந்து வருவார்கள். முன்னால் வெள்ளிக் கோலைத் தட்டிக்கொண்டு நடப்பவள் ஃபெம்மி. நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் கோலைத் தரையில் இடித்து, நேரமாயிற்று என்று லத்தீனில் அறிவிப்பதும் அவள்தான். நாட்டின் அரசரே வந்து பேசினாலும் அவளிடம் நாற்பத்தாறாவது நிமிடம் கிடையாது. நான் கட்டடக் காப்பாளன். கதவு, விளக்கு, மறந்து போன குடைகள், இவை என் பொறுப்பு.

"மத்தவங்க எல்லாம் எங்க போறாங்க?"

"கடற்கரை ஹோட்டலுக்கு. ரெண்டு நாள் பயிலரங்கு. கட்டாயம் போகணும். தலைப்பைக் கேளு: 'ஓய்வுபெறும் பேராசிரியர்களை மேலும் சிறப்பாகப் போற்றுவது எப்படி?'"

அதை நடத்துவது பாராட்டு அலுவலகம். போன வருடம்தான் திறந்தார்கள். அங்கே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். இந்த வருடம் ஓய்வுபெறும் பேராசிரியர்கள் நான்கு பேர்.

"தேதியை மாத்தச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன். பயிலரங்கு முடிஞ்ச பிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்குமாம்," என்றாள் ஃபெம்மி. "மூணு பேரை வச்சுக்கிட்டு நான் எப்படி ஊர்வலம் போறது? கழிப்பறைக்கு வழி தேடிப் போற கூட்டம் மாதிரி இருக்கும்."

அன்று மத்தியானம், வெள்ளிக்கிழமை உரையாற்ற வேண்டிய வீபேயே வந்தார். வீபே டெர்ப்ஸ்ட்ரா, முப்பத்தொரு வருடமாக மண்புழுக்களை எண்ணிக்கொண்டிருந்த பேராசிரியர். எண்ணுவது என்றால் எண்ணுவதுதான். ஒரு முறை பதினோரு புழுக்களைத் தவறாக எண்ணிவிட்டோம் என்று தெரிந்ததும், உலகமே பாராட்டிய தன் கட்டுரையைத் தானே கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டவர். மற்றவர்கள் எண்ணிக்கையில் தப்பு இருந்தாலும் சபையிலேயே எழுந்து சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் பிரிவு விழாவுக்கு ஆள் வருவது எந்த வருடமும் கொஞ்சம் கஷ்டம்தான்.

"முன் வரிசையில ஒரு நாற்காலி வேணும்," என்றார். "கை வச்ச நாற்காலியா இருக்கட்டும். எங்க அக்காவுக்கு முட்டி வலி."

"அக்கா வர்றாங்களா? நான் பாத்ததே இல்லியே."

"வந்ததே இல்ல. நான் பேராசிரியரானப்ப கூப்பிட்டேன். பசு கன்னு போடுதுன்னு சொல்லிட்டா. அப்பா செத்த பிறகு பண்ணையை அவதான் பாத்துக்கிட்டா. நான் படிக்கப் போயிட்டேன். புழு மீன் பிடிக்கத்தான் ஆகும், அதுக்கு யாருடா உனக்குச் சம்பளம் தர்றான்னு ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கேப்பா." சிரித்தார். பிறகு தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பரிசு, பூங்கொத்து, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்னுட்டேன். அந்த ஊர்வலம் மட்டும் போதும். இத்தனை பேரு எழுந்து வந்தாங்கன்னு அவ ஒரு தடவை பாத்தாப் போதும். எத்தனை பேர் வர்றாங்க, தெரியுமா?"

"நெறைய பேர்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர் போன பிறகுதான் யோசித்தேன். எண்ணிக்கையில் பொய் சொல்லக் கூடாத ஒரே மனிதரிடம் சொல்லியிருந்தேன்.

ஃபெம்மியிடம் ஓடினேன். அவள் அறையில் ஒரு பெரிய அலமாரி உண்டு. ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகாத அங்கிகள், இறந்தவர்களின் குடும்பம் வாங்கிப் போகாத அங்கிகள், எல்லாம் பெயர்ச் சீட்டோடு தொங்கும். நாற்பதுக்கு மேல் இருக்கும். நான் அலமாரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"வேணாம்," என்றாள். "இருநூத்தம்பது வருஷத்துப் பழக்கம். மாட்டினா என் வேலை போயிடும்."

"யாருக்குத் தெரியும்? ரெக்டர் பல்கலைக்கழகத் தலைமைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. அவருக்குப் பேராசிரியர்களோட முகமா தெரியும்? கணக்கு வரைபடம்தான் தெரியும்."

அவள் கோலைத் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

"குள்ளமான ஆளுங்களாப் பாத்துக் கூட்டிட்டு வா," என்றாள் கடைசியில். "அந்தக் காலத்துப் பேராசிரியருங்க உயரம் கம்மி."

கேண்டீனில் யாகோமீனாவிடம் முதலில் கேட்டேன். பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தவே இல்லை.

"எனக்குப் பேராசிரியர் வேஷமா? எனக்கு மூளை கெட்டுப்போகலையே."

"வீபேக்காக."

"சூப்பை மேலிருந்து ஊத்தாத, அடியிலிருந்து கலக்கி ஊத்துன்னு பத்தொன்பது வருஷமாச் சொல்றவரு. அவருக்காகவா?" கரண்டியை நீட்டி என்னை மிரட்டினாள். "அங்கிக்குள்ள பாக்கெட் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வரேன்."

துப்புரவுப் பிரிவிலிருந்து நஜாத்தும் அவளோடு ஆறு பேரும் வந்தார்கள். சைக்கிள் நிறுத்தத்திலிருந்து ஹார்ம், அஞ்சல் அறையிலிருந்து மூன்று பேர், கேண்டீனிலிருந்து யாகோமீனாவும் இன்னும் ஐந்து பேரும். என்னோடு பதினெட்டு.

வியாழக்கிழமை காலியான நடைபாதையில் ஒத்திகை. ஃபெம்மி கோலோடு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் இப்படி ஓடறீங்க? பஸ்ஸா போயிடும்?"

"நாங்க நடக்கறதே இப்படித்தான்," என்றான் ஹார்ம்.

"அதான் தப்பு," என்றாள் நஜாத். இருபது வருடமாகப் பேராசிரியர்களின் அறைகளைத் துடைப்பவள் அவள். "இங்க பாருங்க. மெதுவா. எல்லாரும் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க, ஆனா நமக்கு அது தெரியாது. அப்படி நடக்கணும். முகத்துல லேசாத் தலைவலி இருக்கணும். பக்கத்துல வர்றவனைப் பாக்கவே கூடாது. அவனுக்குப் போன வருஷம் உங்களை விடப் பெரிய அறை கொடுத்துட்டாங்க."

அவள் நடந்து காட்டினாள். இரண்டாவது மாடி வரலாற்றுப் பேராசிரியர் அப்படியே எதிரில் வருவது போல இருந்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் நடை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ரெக்டர் கடற்கரையிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். பேச்சாளருக்கு முன்னால் நடக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. அங்கி அறைக்குள் நுழைந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! இவ்வளவு பேரா? பயிலரங்கை விட்டுட்டு வந்திருக்கீங்களே!" யாகோமீனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க எந்தத் துறை?"

"சாப்பாடு," என்றாள் யாகோமீனா.

"அற்புதம். எதிர்காலமே அங்கதான் இருக்கு. எத்தனை பேர் உங்க குழுவுல?"

"ஏழு. ஒருத்தி பிரசவ லீவுல இருக்கா."

"ஆள் பத்தாதே! திங்கக்கிழமை எனக்கு எழுதுங்க. பாத்துக்கறேன்."

"பதினொரு வருஷமா எழுதிக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள் அவள்.

உண்மையான பேராசிரியர்கள் மூவரும் மூலையில் நின்றிருந்தார்கள். வயதானவர்கள், எப்போதோ ஓய்வுபெற்றதால் பயிலரங்குக் கட்டாயம் இல்லாதவர்கள். அவர்களில் ஒருவர் என் அங்கியின் கழுத்தில் இருந்த பெயர்ச் சீட்டைப் படித்துவிட்டு, "உங்க இறுதிச் சடங்குக்கு நான் வந்திருந்தேனே," என்றார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஃபெம்மி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தாள். வீபேயைக் கடைசி நிமிடத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டி வந்து ரெக்டருக்குப் பின்னால் நிறுத்தினாள். பேச்சாளர் ஊர்வலத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிற காலடிகளைத்தான் அவர் கேட்க முடியும். நாங்கள் இருபத்தொரு பேர் நடந்தோம். மண்டபமே எழுந்து நின்றது. மாணவர்கள், சில உறவினர்கள். முன் வரிசையில் கைவைத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நீலக் கோட்டு போட்ட எலும்பான ஒரு பெண்மணி நின்றிருந்தார். சந்தையில் மாடு பார்ப்பது போல எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்தான் நிங்கே அக்கா.

மேடையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வீபே பேச்சு மேசைக்குப் போய்த் திரும்பினார். அப்போதுதான் எங்களைப் பார்த்தார்.

அவருடைய உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினோரு புழுவுக்காகச் சொந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கியவர். ஆனால் முன் வரிசையில் அவருடைய அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சொன்னால் அக்கா முன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் வீபேயே இல்லை.

அவர் புழுக்களைப் பற்றித் தொடங்கினார். ஒரு கைப்பிடி மண்ணில் என்ன நடக்கிறது, புழு போன வழியில் மழை எப்படி இறங்குகிறது என்றெல்லாம் நன்றாகப் பேசினார். உண்மையான பேராசிரியர்களில் ஒருவர் தூங்கிப்போனார். நாங்கள் பதினெட்டுப் பேரும் தூங்கவில்லை, தூங்கத் தைரியம் வரவில்லை. ரெக்டர் அதைக் கவனித்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாற்பதாவது நிமிடத்தில் நன்றி சொல்லும் கட்டம் வந்தது. இங்கே அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பேராசிரியர்களைப் பெயர் சொல்லி, 'மிகக் கற்றறிந்த' என்று முன்னால் சேர்த்து அழைக்க வேண்டும். வேறு யாருக்கும் அந்த அடைமொழி கிடையாது.

வீபே கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு திருத்தம் சொல்லணும்," என்றார். "மேடையில இருபத்தொரு பேர் இருக்காங்க. பேராசிரியருங்க மூணு பேர்தான்."

ரெக்டர் சிரிக்க வேண்டுமா என்று பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் இருந்தது ஹார்ம்.

"மத்தவங்க இப்போ கடற்கரையில இருக்காங்க. என்னை எப்படிப் போற்றுறதுன்னு பேசிக்கிட்டிருக்காங்க. நல்ல முடிவு எடுப்பாங்கன்னு நம்புறேன். மீதி பதினெட்டுப் பேரை எனக்குத் தெரியும்." அவர் திரும்பினார். "மிகக் கற்றறிந்த யாகோமீனா, சூப்பை அடியிலிருந்து கலக்கணும்னு நான் பத்தொன்பது வருஷமாச் சொல்றேன். நீங்க கேக்கவே இல்ல. ஆனா நான் வர லேட்டானா, கேண்டீன் பூட்டின பிறகும் ஒரு கிண்ணம் எடுத்து வச்சீங்க. மிகக் கற்றறிந்த நஜாத், என் அறையில நாலு பெட்டி மண்ணு இருந்தது. குப்பைன்னு அதைத் தூக்கிப் போடச் சொல்லி மேலிடத்துல ரெண்டு தடவை உத்தரவு வந்தது. நீங்க ரெண்டு தடவையும் அது கண்ணுல படலைன்னு சொல்லிட்டீங்க. அந்தப் பெட்டி இல்லைன்னா இன்னிக்குப் பேசறதுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல."

இப்படிப் பதினெட்டுப் பேரையும் சொன்னார். என்னைச் சொன்னபோது, "மிகக் கற்றறிந்த காப்பாளரே, 'நெறைய'ங்கறது ஒரு எண்ணே இல்ல," என்றார். நாற்பத்தைந்து நிமிடம் தாண்டியது. ஐம்பது ஆனது. ஃபெம்மி கோலைத் தூக்கவே இல்லை.

"சொல்லி முடித்தேன்," என்றார் வீபே. அதுதான் இங்கே உரை முடிகிற விதம்.

ரெக்டர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் கைதட்டல் ஆரம்பித்துவிட்டதைக் கேட்டதும் அந்தச் சிவப்பு மெல்ல இறங்கியது. "இதைத்தான் நாங்க பயிலரங்குல தேடிக்கிட்டிருந்தோம்!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். "எல்லாத் தரப்பையும் சேத்துக்கிற புது வகை ஊர்வலம். அடுத்த வருஷத்திலிருந்து விதியாக்குவோம். பாராட்டு அலுவலகம் ஒரு படிவம் தயார் பண்ணும்." அப்படித்தான் ஃபெம்மியின் வேலை தப்பியது. இப்போது கேண்டீன் ஆட்கள் ஊர்வலம் வருவதற்கு ஆறு வாரம் முன்னால் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

வரவேற்பில் கைகுலுக்க வரிசை நின்றது. நிங்கே அக்கா முதல் ஆளாகப் போயிருக்கலாம். போகவில்லை. எல்லோரையும் போல வரிசையின் கடைசியில் நின்றார். நான் காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரும் பேராசிரியர் இல்லைன்னு வந்தப்பவே தெரிஞ்சுது," என்றார்.

"எப்படி?"

"உக்காரும்போது நாற்காலி பலமா இருக்கான்னு கையால அழுத்திப் பாத்துட்டு உக்காந்தீங்க. படிச்சவன் பாக்க மாட்டான். அவனுக்கு எப்பவும் வேற ஒருத்தன் பாத்து வச்சிருப்பான்." காபியை ஒரே மடக்காகக் குடித்தார். "சொல்லிடுவானா மாட்டானான்னுதான் உக்காந்திருந்தேன். மறைச்சிருந்தா அப்படியே பஸ் ஏறிப் போயிருப்பேன்."

அவர் முறை வந்தது. வீபேயின் கை ஒரு பக்கம் நீண்டது, முகம் இன்னொரு பக்கம் திரும்பியது. பரீட்சை எழுதிய பையன் போல நின்றார்.

"பாத்தியாக்கா," என்றார். "மூணே பேர்தான்."

"எண்ணத் தெரியும்டா எனக்கு." அவர் தம்பியின் கையை விடவில்லை. "கெழக்குப் பக்க வயல்ல ரெண்டு வருஷமாத் தண்ணி நிக்குது. ஒரு சாண் தோண்டினாலும் ஒரு புழு இல்ல. மழை எறங்க வழியில்லைன்னு நீ சொன்னியே, அதுவா இருக்குமா?"

வீபே சட்டென்று நிமிர்ந்தார்.

"பாக்காம சொல்ல மாட்டேன். கனமான டிராக்டர் ஓட்டினியா?"

"பக்கத்துப் பண்ணைக்காரன் ஓட்டினான்."

"எப்ப? ஈரத்துலயா?"

"வந்து நீயே அவனைக் கேளு. அஞ்சரைக்கு பஸ் இருக்கு."

இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். வீபே அங்கியைக்கூடக் கழற்றவில்லை. மேடைப் பக்கத்திலிருந்து ரெக்டர் ஒரு பெரிய கண்ணாடிப் பரிசை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, புகைப்படக்காரர் பின்தொடர, என்னிடம் வந்தார்.

"எங்க அவரு? இதக் கொடுக்கணுமே!"

"கெழக்குப் பக்க வயலுக்குப் போயிட்டாரு," என்றேன். "அங்க அவர்கிட்ட ஒரு விஷயம் கேக்கணுமாம்."