வடக்கே போகும் வழி

என் கணவர் ஜீத்மான் குருங் இறந்து பத்து மாதமாகிறது. அவர் உயிரை முன்னோர்களிடம் அனுப்பிவைக்கும் மூன்று நாள் சடங்கு, நேபாளத்து மலையூரான லம்ஜுங்கில் அவர் பிறந்த வீட்டில் நடந்தது. கடைசி நாள் காலை, முற்றத்தில் அவருக்குப் பதிலாக மூங்கிலால் ஓர் உருவம் கட்டினார்கள். அவருடைய நீலச் சட்டையை நான்தான் அதற்கு மாட்டினேன்.

"என்ன அண்ணி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுட்டே! எங்கண்ணன் மூச்சு முட்டி இன்னொரு தடவை செத்துடுவான்" என்றாள் நாத்தனார் சோம்மாயா.

"முப்பத்திரண்டு வருஷம் உங்கண்ணனுக்குப் பொத்தான் போட்டவ நான். நீ போய் வந்தவங்களுக்குச் சாராயத்தை ஊத்துடி."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் அவள் என் தோளில் விழுந்து அழுதாள்.

பூசாரி மேளத்தைத் தட்டியபடி வழியைப் பாட ஆரம்பித்தார். எந்த ஓடையைத் தாண்ட வேண்டும், எந்த மேட்டில் இளைப்பாற வேண்டும் என்று வடக்கே பனிமலை வரைக்கும் ஒவ்வோர் இடமாக, அவர் இனமான குருங்குகளின் பழைய பாஷையில். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. நான் கிழக்கே போஜ்பூரின் ராய் இனத்துப் பெண். எங்கள் உயிர்கள் போகும் வழி வேறு, பாடுகிறவர் வேறு. நானும் என் கணவரும் சண்டை போட்டது, சமாதானமானது எல்லாம் நேபாளியில்தான். அது எங்கள் இருவருக்குமே தாய்மொழி இல்லை.

பாட்டு நின்றதும் பூசாரியிடம் போனேன்.

"நான் செத்தா என்னையும் இந்த வழியிலயே அனுப்புவீங்களா, ஐயா?"

"உன்னை உங்க ஜனங்கதானே அனுப்பணும், மருமகளே. இந்த வழியில ஒரு இடத்துப் பேருகூட உனக்குத் தெரியாது. தனியா நின்னு தவிச்சுப்போவே."

"அப்போ அவரை நடுவுல எங்கயாவது நிக்கச் சொல்லுங்க. நான் வந்து சேந்துக்கறேன்."

அவர் மேளத்தைக் கீழே வைத்தார். "நிக்கிற உயிர் ஊர் போய்ச் சேராதும்மா. காத்தோட அலையும். புருஷனை அப்படி அலைய விட உனக்குச் சம்மதமா?"



உறவினர்கள் ஒவ்வொருவராக உருவத்தின் முன்னால் நின்று, திரும்பிப் பார்க்காமல் போகும்படி சொன்னார்கள். என் முறை வந்தது. எங்க பாஷையில நான் சொல்லித் தரேன் என்று சோம்மாயா காதருகே வந்தாள். வேண்டாமென்று தலையசைத்தேன். நில்லுங்கள் என்றால் அவர் நின்றுவிடுவார். கடைத்தெருவில்கூட என்னை விட்டு நாலடி முன்னால் நடந்தவரில்லை. போகச் சொல்வதும் நான்தான் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

நீலச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு நேபாளியில் சொன்னேன். "எனக்காக நிக்காதீங்க. போங்க."

ஊருக்கு வெளியே கொண்டுபோக உருவத்தைத் தூக்கினார்கள். சட்டையிலிருந்து என் விரல்களைச் சோம்மாயாதான் ஒவ்வொன்றாக விடுவித்தாள்.